வாய்ப் புற்றுநோயாளி ஒருவரின் கடைசி ஐந்து வாரங்கள்: வீட்டுப் பராமரிப்பு நிகழ்வு ஆய்வு

வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்க்கும் குழுவில் நான் செவிலியர். ஒரு செவ்வாய்க்கிழமை நள்ளிரவு போனில் நான் கேட்காமல் விட்ட கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். அது எப்படி விட்டுப்போனது என்று புரிய வேண்டுமானால் முதல் நாளிலிருந்து சொல்ல வேண்டும். குடும்பத்தாரின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஊர், பெயர் எதையும் குறிப்பிடவில்லை.

பின்னணி

காவிரி டெல்டாவில் ஒரு கிராமம். நோயாளிக்கு வயது 64. விவசாயக் கூலி வேலை, சொந்தமாக ஒரு மாடு, குத்தகைக்கு அரை ஏக்கர். இருபது வயதிலிருந்து புகையிலை போடும் பழக்கம். ஒன்றரை வருடத்துக்கு முன் வலது கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண் வந்து, அது புற்றுநோய் என்று தெரிந்தது. கதிர்வீச்சு சிகிச்சை முழுதாக முடித்தார். எட்டு மாதத்தில் திரும்ப வந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது மூக்கு வழியாக உணவுக் குழாய் போட்டிருந்தார்கள். வலிக்கு டிரமடால், பாராசிட்டமால்.

வீட்டில் அவரும் மனைவியும், சின்ன மகனும் அவன் மனைவியும், அவர்களுடைய நான்கு வயதுக் குழந்தையும். சின்ன மகன் லோடு வண்டி ஓட்டுகிறார். பெரிய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். முடிவெல்லாம் பெரியவர்தான் எடுப்பார் என்பதால் எங்கள் கோப்பில் எழுதியதும் அவருடைய எண்தான். இதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் எழுதுவோம்.

எங்கள் குழுவில் என்னையும் சேர்த்து இரண்டு செவிலியர், வாரம் ஒருநாள் வரும் மருத்துவர், ஒரு ஓட்டுநர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் ஒருவர்தான் இந்த ஐயாவைப் பற்றி எங்களிடம் சொன்னார். பிரஷர் மாத்திரை கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனவர், மாட்டுக்கொட்டகையில் ஒருவர் தனியாகப் படுத்திருப்பதைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

முதல் வருகை

மார்கழி முதல் வாரம். பனியில் அவர் மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். யாரும் அவரை அங்கே தள்ளவில்லை. நாற்றம் தாங்காமல் பேரப்பிள்ளை மூக்கைப் பொத்தியதைப் பார்த்துவிட்டு, அவராகவே கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கன்னத்தில் ஐந்து செ.மீ. அகலத்துக்குப் புண் வெளியே திறந்திருந்தது. உள்ளே புழு. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. பேச்சு குழறும், ஆனால் காது கொடுத்தால் புரியும். வலியை அளக்க நாங்கள் கேட்பது, "ஒரு ரூபாய்க்கு எத்தனை பைசா வலி?" என்று. பத்துப் பைசாவுக்கு ஒரு விரலாக ஒன்பது விரலைக் காட்டினார். தூக்கம் இரவில் ஒரு மணி நேரம்தான்.

அன்று செய்தவை: டர்பன்டைன் நனைத்த காஸ் துணியைப் புண்ணின் வாயில் பத்து நிமிடம் வைத்து, வெளியே வந்த புழுக்களை ஃபோர்செப்ஸால் எடுத்தோம். முதல் நாள் முப்பதுக்கு மேல். இரண்டு நாளில் தீர்ந்தது. நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொல்லிக்கொடுத்தோம். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு ஆறவைத்துக் கழுவ வேண்டும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, பாத்திரத்தில் போட்டு மூடிக் குக்கரில் ஆவிகட்டினால் அதுவே டிரஸ்ஸிங் துணி. காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் கற்றுக்கொண்டது சின்ன மருமகள். நான் பெரிய மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் அவளே டிரஸ்ஸிங் செய்தாள். நான் திருத்த வேண்டியது ஒன்றுமில்லை. நாலாம் நாள் கட்டில் திண்ணைக்கு வந்தது.

மார்பின் தொடங்கிய விதம்

டிரமடாலை நிறுத்தி, அதைவிட வலுவான வலி மருந்தான மார்பின் தொடங்க மருத்துவர் முடிவெடுத்தார். 10 மி.கி. மாத்திரையில் பாதி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு, நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காக. பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக. இடையில் வலி வந்தால் கூடுதலாக ஒரு வேளை அளவு கொடுக்கலாம். ஆறாம் நாள் வேளைக்கு 10 மி.கி. ஆக்கினோம். விரல் மூன்றுக்கு இறங்கியது.

மார்பின் மருந்துக்கடையில் கிடைக்காது. போதைப்பொருள் சட்டம் 1985-ல் வந்தபின் மாநிலத்துக்கு மாநிலம் உரிமங்களில் சிக்கி, வலியில் கிடப்பவர்களுக்குக்கூடக் கொடுக்க முடியாத நிலை இருந்தது. 2014 திருத்தம்தான் அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் வைத்துக் கொடுப்பதை எளிதாக்கியது. ஒவ்வொரு மாத்திரைக்கும் பதிவேட்டில் கணக்கு உண்டு. இதைக் குடும்பத்துக்குச் சொல்லும்போதே ஒரு பயம் தொற்றிக்கொள்கிறது. பெரிய மகன் கேட்டது: "இத குடுத்தா அப்பா சீக்கிரம் போயிடுவாரா சிஸ்டர்?" வலிக்கு ஏற்ற அளவில் கொடுத்தால் அப்படி நடக்காது, முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், அப்புறம் சரியாகிவிடும் என்று சொன்னேன். மலச்சிக்கல் மட்டும் சரியாகாது, மார்பின் இருக்கும்வரை மலமிளக்கியும் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். மலமிளக்கி மாத்திரையைப் பொடிக்கக்கூடாது என்பதால் அதைச் சிரப்பாகக் கொடுத்தோம். சொன்னதும் கொடுத்ததும் சரி. யாரிடம் சொன்னேன் என்பதில்தான் பிரச்னை. போனில், பெரிய மகனிடம்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க"

முதல் நாளே மனைவி என்னை வாசல் வரை கூட்டிவந்து சொன்னது இது. புண் ஆறிவிடும் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். நாங்கள் மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் கேட்காததை நானாகப் போய்ச் சொல்லவும் மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாம் வாரம் டிரஸ்ஸிங் நடக்கும்போது அவரே கேட்டார். "தை பொறக்கற வரைக்கும் தாங்குமா?" உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று திருப்பிக் கேட்டேன். சிரித்தார், வாய் திறந்த அளவுக்கு. "பொங்கல் பாத்துருவேன். அறுப்பு பாக்கமாட்டேன்." மூன்று விஷயம் சொன்னார்: உரக்கடைப் பாக்கி நாலாயிரத்தைக் கொடுத்துவிட வேண்டும், மாட்டை விற்கக்கூடாது, திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மகன் வந்திருந்தார். அப்பாவுக்குத் தெரியும் என்று அவரிடம் சொன்னபோது நம்பவில்லை. தெரிந்தால் மனசு விட்டுவிடுவார் என்பதுதான் அவர் பயம். இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்தோம். நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. அப்பா உரக்கடைக் கணக்கைச் சொல்ல, மகன் அழுதுகொண்டே எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்றதைக் கோப்பில் அவர் வார்த்தையிலேயே எழுதி, மகனிடம் கையெழுத்து வாங்கினோம். பின்னால் அந்தத் தாள் மிகவும் பயன்பட்டது.

மகனைத் தனியே அழைத்து இன்னொன்றும் சொன்னேன். கழுத்துப் பக்கம் புண் ஆழமாகப் போவதால் திடீரென்று ரத்தம் பீறிடலாம். அப்படியானால் அடர்சிவப்பு நிறத் துண்டை வைத்து அழுத்திப் பிடியுங்கள், வெள்ளைத் துணியில் ரத்தம் பார்க்கப் பயமாக இருக்கும், அவரைத் தனியாக விடாதீர்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு சிவப்புத் துண்டு கடைசிவரை மடித்தபடியே இருந்தது. நல்லவேளை, தேவைப்படவில்லை.

நான்காம் வாரம்

பொங்கல் அன்று திண்ணையில் உட்கார்ந்து பானை பொங்குவதைப் பார்த்தார். அந்த வாரம் காதுக்குப் பக்கத்தில் சுருக் சுருக்கென்று எரிச்சலோடு புதிய வலி. நரம்பு வலி என்று மருத்துவர் இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. தொடங்கி, நான்கு நாளில் 25 ஆக்கினார். எரிச்சல் குறைந்தது.

அந்த இரண்டு வாரத்து வருகைக் குறிப்புகளில் "மலம், சிறுநீர்: பிரச்னை இல்லை" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அறுவடைக் காலம், ஒரே நாளில் ஏழு வீடு. முதல் தடவை சின்ன மகனிடம் கேட்டேன். வண்டியை எடுக்கும் அவசரத்தில் "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றார். இரண்டாம் தடவை யாரிடம் கேட்டேன் என்று நினைவில்லை. கேட்டேனா என்பதே சந்தேகம்.

செவ்வாய் இரவு

நள்ளிரவு 1.30-க்குத் திருப்பூரிலிருந்து போன். தம்பி அண்ணனுக்குச் சொல்லி, அண்ணன் எனக்குச் சொல்கிறார். அப்பா படுக்கையில் நிலைகொள்ளவில்லை, முனகுகிறார், குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார், வலி தாங்க முடியவில்லை போல. கூடுதல் வேளை மார்பின் கொடுக்கச் சொன்னேன். 3 மணிக்கு மறுபடியும் போன், கொஞ்சமும் குறையவில்லை. இன்னொரு வேளை கொடுக்கச் சொல்லிவிட்டு, விடிந்ததும் வருகிறேன் என்றேன்.

7.15-க்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு கையையும் துண்டால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கண் செருகியிருந்தது, ஆனால் உடம்பு ஓயாமல் புரண்டது. நாடி 120. மூச்சு நிமிடத்துக்கு 14. கைக்கட்டை அவிழ்த்துவிட்டு நான் முதலில் பார்த்தது கன்னத்தை. புண்ணை அவிழ்த்துப் பார்த்தேன், ரத்தம் இல்லை, புழு இல்லை. கடைசிக் காலத்து அமைதியின்மையாக இருக்குமோ என்று மருத்துவருக்குப் போன் போடப் போனேன்.

அடுப்படி வாசலில் நின்ற மருமகள் சொன்னாள்: "சிஸ்டர், நேத்து மத்தியானத்துலேர்ந்து மாமா துணி நனையவேயில்ல."

துணி துவைப்பது அவள்தான். அடிவயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்குக் கீழே வரை கல் மாதிரி விம்மியிருந்தது. தொட்டதும் கத்தினார். மருத்துவரிடம் சொல்லிவிட்டு யூரின் டியூப் போட்டேன். 950 மி.லி. வந்தது. முழுதும் வடிவதற்குள்ளேயே முகம் தளர்ந்து தூங்கிவிட்டார்.

வெளிக்குப் போய் எட்டு நாள் ஆகிறது என்பதையும் அவள்தான் சொன்னாள். மலமிளக்கி சிரப் தீர்ந்து பத்து நாள். பக்கத்துக் கடையில் இல்லை. புருஷனிடம் சொல்லியிருக்கிறாள், அவர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். "குழாய்ல கஞ்சித் தண்ணிதானே போகுது, அதுக்கு என்ன வரப்போகுது" என்று பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

நடந்தது இதுதான். மார்பின் சிறுநீர்ப்பையைச் சோம்பலாக்கும். அமிட்ரிப்டிலின் அதோடு சேர்ந்தால் இன்னும். குடலில் கட்டிய மலம் பின்னாலிருந்து அழுத்தும். மூன்றும் சேர்ந்து சிறுநீர் அடைத்துக்கொண்டது. அந்த வேதனைக்கு நான் கொடுக்கச் சொன்னது, அடைப்புக்குக் காரணமான அதே மருந்து, இரண்டு தடவை. அந்த இரவு பேச முடிந்திருந்தால் வயிறுதான் என்று சொல்லியிருப்பார். பேச முடியாமல் கிடந்தவரின் கையைத்தான் கட்டியிருந்தார்கள்.

அமிட்ரிப்டிலின் நிறுத்தப்பட்டது. கிளிசரின் வைத்து, அப்புறம் எனிமா கொடுத்து மலம் வெளியேறியது. சாயங்காலம் வரை அரைமயக்கம். மூச்சை மணிக்கொருமுறை எண்ணினோம், 12-க்குக் கீழே போகவில்லை. இரவு கண் திறந்து பேரனைக் கேட்டார்.

கடைசி மூன்று நாள்

புதன் இரவு பேசியதுதான் தெளிவான பேச்சு. வியாழன் மதியத்திலிருந்து தூக்கம் ஆழமானது. பாதம் சில்லிட்டு, முழங்காலில் நீலத் திட்டுகள். யூரின் பையில் நாள் முழுக்க 150 மி.லி. மூச்சு வேகமாகி, மெல்லக் குறைந்து, இருபது விநாடி நின்று, திரும்பத் தொடங்கும். நின்ற ஒவ்வொரு தடவையும் வீடே எழுந்து நிற்கும்.

மருத்துவர் வந்தார். சிறுநீர் குறையும்போது மார்பின் உடம்பில் தங்கிவிடும் என்பதால் வேளைக்கு 5 மி.கி. ஆக்கி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினார். முற்றிலும் நிறுத்தவில்லை, மயக்கத்தில் இருப்பவருக்கு வலி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சாப்பாட்டில்தான் தகராறு. இரண்டு மணி நேரத்துக்கு 200 மி.லி. என்று மனைவி விடாமல் கஞ்சித் தண்ணீரும் பாலும் ஊற்றிக்கொண்டிருந்தார். அது செரிக்காமல் தொண்டைக்கு ஏறி, மூச்சில் கொரகொரவென்று சத்தம். நிறுத்துங்கள் என்றால், பட்டினி போட்டுக் கொன்றதாக ஆயுசுக்கும் அவர் மனதில் நிற்கும். அதனால் குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி உள்ளே இருப்பதை உறிஞ்சி அவரிடமே காட்டினேன். மூன்று மணி நேரத்துக்கு முன் ஊற்றியது அப்படியே இருந்தது. "வயிறு வாங்கமாட்டேங்குதும்மா" என்றேன். அவரே டம்ளரைக் கீழே வைத்தார். மருந்துக்கும், வாய் நனைக்கவும் மட்டும் தண்ணீர் என்று ஆனது.

உறவுக்காரர் ஒருவர் குளுக்கோஸ் ஏற்றலாமே, 108-ஐக் கூப்பிடலாமே என்று ஆரம்பித்தார். பெரிய மகன் போனிலேயே அந்தத் தாளைப் படித்துக் காட்டச் சொன்னார். தம்பி படித்தார். பேச்சு அடங்கியது.

கொரகொரப்புக்கு ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். தோலடியில் பட்டர்ஃபிளை ஊசி போட்டுப் பஸ்கோபான் 20 மி.கி. கொடுத்தோம். அதுவும் சிறுநீரை அடைக்கும் மருந்துதான், ஆனால் இப்போது டியூப் இருந்தது. உறிஞ்சும் கருவி கொண்டுபோகவில்லை. தொண்டைக்குள் குழாயை விட்டு எடுப்பது அவருக்கு வேதனை, பார்ப்பவர்களுக்கும் கொடுமை.

பால்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய அக்கா வந்தார். வந்ததும் சொன்னது, "எல்லாரும் பால் ஊத்திடுங்க, உசுரு இழுத்துக்கிட்டு கெடக்கு." வீட்டு மாட்டின் பாலைக் கறந்து சொம்பில் கொண்டுவந்துவிட்டார்கள்.

எனக்கு முதலில் வாயில் வந்தது "கூடாது" என்பதுதான். நினைவில்லாதவர், ஒரு விரல் அளவே திறக்கும் வாய், கன்னத்தில் திறந்த புண். ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போகும், இல்லையென்றால் புண் வழியே வழியும். ஆனால் பால் ஊற்றாமல் அனுப்பிய வீடு என்ற பேச்சு யாருக்குப் போய்ச் சேரும் என்பதும் எனக்குத் தெரியும். அதே ஜில்லாவில் பிறந்தவள்தான் நானும்.

"ஊத்த வேண்டாம் அத்தை, தொட்டு வைங்க" என்றேன். பஞ்சைத் திரியாக உருட்டி, பாலில் நனைத்துப் பிழிந்து, உதட்டிலும் நல்ல பக்கக் கன்னத்தின் உள்ளேயும் தடவிக் காட்டினேன். அந்த அம்மாள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ஒரு துளசி இலை கேட்டார். அந்த இலையில் பாலைத் தொட்டு அவரே முதலில் வைத்தார். பேரப்பிள்ளை வரை எல்லோரும் வைத்தார்கள். ஒரு இருமல்கூட வரவில்லை. பெரிய மகன் இரவு 11 மணி பஸ்ஸில் வந்து கடைசியாக வைத்தார்.

அன்றிரவு வீட்டில் இன்னொரு கவலையும் இருந்தது. சனிப் பிணம் தனிப் போகாது என்பார்கள். மனைவி வாசலில் உட்கார்ந்து கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை 4.20-க்கு மூச்சு நின்று, திரும்ப வரவில்லை. சூரியன் உதிக்கவில்லை என்பதால் வெள்ளிக் கணக்கு என்று அக்கா தீர்ப்பு சொன்னார். நான் குறிப்பில் சனிக்கிழமை என்றுதான் எழுதினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு

மருத்துவர் வந்து உறுதி செய்ததும் குழாய், டியூப், ஊசி எல்லாவற்றையும் எடுத்தோம். பெரிய மகன் கேட்டது ஒன்றுதான்: முகம் தெரிய வேண்டும். புண்ணை நன்றாக அடைத்து, புது வெள்ளைத் துணியால் கன்னத்தோடு ஒட்டினாற்போல டிரஸ்ஸிங் செய்தேன். மருமகள் பக்கத்தில் நின்று துணி வெட்டிக் கொடுத்தாள். 23 மார்பின் மாத்திரை மீதி. எண்ணி, கையெழுத்து வாங்கி, பதிவேட்டில் வரவு வைத்தோம். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்று சொல்லி, மருத்துவர் தந்த தாளைக் கொடுத்தோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் போனேன். மாடு கொட்டகையில் இருந்தது. உரக்கடைப் பாக்கி கொடுத்தாகிவிட்டது. கிளம்பும்போது மருமகள் வண்டி வரை வந்தாள். "அன்னிக்கு ராத்திரி ரெண்டு தடவ மாத்திரைய கரைச்சு ஊத்தினது நான்தான் சிஸ்டர். அதனாலதான் போயிட்டாரா?"

பதினெட்டு நாளாக அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த மருந்துக்குப் பிறகு அவர் கண் திறந்து பேரனைக் கூப்பிட்டதை ஞாபகப்படுத்தினேன். கொடுக்கச் சொன்னது நான், கேட்க வேண்டியதைக் கேட்காததும் நான், நீ சொன்னதால்தான் மாமா கடைசி மூன்று நாள் வேதனையில்லாமல் இருந்தார் என்றேன். எவ்வளவு ஏற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. அடுத்த மாதமும் ஒருமுறை போய்வந்தேன்.

மாற்றியவை, மாற்ற முடியாதவை

குழுக் கூட்டத்தில் இதை நானே எடுத்து வைத்தேன். இரவுப் போனுக்கு இப்போது ஒரு அட்டை இருக்கிறது. கூடுதல் மார்பின் சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை: கடைசியாகத் துணி நனைந்தது எப்போது, வெளிக்குப் போனது எப்போது, அடிவயிற்றில் கை வைத்தால் முகம் சுளிக்கிறாரா, புதிதாகச் சேர்ந்த மருந்து என்ன. "சிறுநீர் போகிறாரா" என்று கேட்பதை விட்டுவிட்டோம். அதற்கு எல்லோரும் போகிறார் என்றுதான் சொல்கிறார்கள். அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலும் போகிறார்தானே.

மலமிளக்கி எங்கள் பையிலிருந்தே போகிறது, மார்பினோடு சேர்த்து எண்ணி. அமிட்ரிப்டிலின் தொடங்கினால் மூன்றாம் நாள் கட்டாயம் ஒரு வருகை, வயிற்றைத் தொட்டுப் பார்த்து எழுத வேண்டும். "பிரச்னை இல்லை" என்ற சொல்லைக் குறிப்பேட்டில் தடை செய்திருக்கிறோம். தேதி எழுத வேண்டும், இல்லையென்றால் தெரியவில்லை என்று எழுத வேண்டும்.

கோப்பின் முதல் பக்கத்தில் "முடிவெடுப்பவர்" என்ற வரிக்குக் கீழே "துடைத்துக் கழுவுபவர்" என்று ஒரு வரி சேர்த்தோம், அவருடைய எண்ணோடு. இது பாதிதான் நடக்கிறது. இந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாகப் போன் கிடையாது, இருக்கிற போன் புருஷனோடு வண்டியில் போய்விடும். இப்போது நாங்கள் பார்க்கும் பதினோரு வீட்டில் ஐந்து வீட்டில் இதே கதைதான். அதனால் ராத்திரி யார் கூப்பிட்டாலும் முதலில், "பக்கத்தில் யார் இருக்காங்க, அவங்ககிட்ட குடுங்க" என்கிறோம். வெளியூரிலிருந்து பேசும் மகன்களுக்குச் சில சமயம் கோபம் வருகிறது. போனை வைத்துவிட்டு வீட்டு எண்ணுக்கு நாங்களே கூப்பிடுகிறோம்.